காப்பில்லாத கால்

லக்சனா உருவாக்கிய கரிக்கட்டிக்கு ஒரு குணம் இருந்தது. அது அணைய மறுக்கும். தண்ணீர் தெளித்தால் சீறும். சாம்பல் மூடினால் சாம்பலுக்குள் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கும். அந்தப் பிடிவாதம் அவளுக்குப் பிடித்திருந்தது.

சிரட்டைக் கரித்தூளை மரவள்ளி மாக் கூழில் குழைத்து அச்சில் இறுக்கினால் யாரும் கரிக்கட்டி செய்யலாம். கப்பல்துறையில் கண்டி வீதியோரமாக இருந்த அந்தத் தகரக் கொட்டிலிலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். இரசாயனம் படித்துவிட்டு லக்சனா அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு, கலவைக்குள் எந்த உலோக ஒட்சைட்டைச் சேர்த்தால் நெருப்பு என்ன செய்கிறது என்று பார்ப்பது அவளுடைய வேலையாயிற்று. சிப்பிச் சுண்ணாம்பைச் சேர்த்தாள்; நெருப்பு மத்தியானச் சோறு தின்றவனைப் போலச் சோம்பியது. செம்பு ஒட்சைட்டைச் சேர்த்தாள். நன்றாகப் பற்றியது, ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. கடைசியில் துறைமுகத்துப் பட்டறையில் பழைய நங்கூரச் சங்கிலிகளிலிருந்து தட்டியெடுத்த துருவை வாங்கிவந்து, அரைத்து, சலித்து, சேர்த்துப் பார்த்தாள். இரும்பின் ஒட்சைட்டு அது. தான் எரியாது. ஆனால் எரிகிற கரியின் பக்கத்தில் இருந்துகொண்டு, காற்றிலிருந்து ஒட்சிசனை வாங்கி வாங்கிக் கரியின் வாயில் ஊட்டும். கடலடியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து மெதுவாக வந்த துரு, இங்கே எல்லாவற்றையும் அவசரப்படுத்தியது.

நிலாவெளி ஹோட்டல்காரர்கள் மீன் சுடுவதற்கு வேறு கட்டி வாங்குவதை நிறுத்தினார்கள். முதலாளி பாக்கியரத்தினம் பொதியின் மேல் லக்சனாவின் படத்தை அச்சடித்தார். உள்ளங்கையில் ஒரு கட்டியை ஏந்தியபடி அவள் சிரிப்பாள். கீழே ‘சாம்பலுக்குள்ளும் அணையாது’ என்று எழுதியிருக்கும்.

கட்டி இறுக்கும் அச்சு இயந்திரத்தில் வேலை செய்யும் ரிஸ்னாதான் அந்த வியாழக்கிழமை காலை செய்தியைச் சொன்னாள்.

“லொறி நிறைய ஏத்திறாங்க புள்ள. ஹோட்டலுக்கில்ல. உங்கட கோயிலுக்காம். நாளைக்கு உங்கட உம்மா நம்மட கட்டிக்கு மேலதான் நடக்கப் போறா.”

லக்சனா முதலில் சிரித்தாள். பிறகு ரிஸ்னாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே போய் லொறியைப் பார்த்தாள். பொதி பொதியாக அவளே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரையோரமுள்ள அந்த அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. காப்புக் கட்டி விரதமிருப்பவர்கள் ஆளுக்கொரு விறகுக் கட்டையைத் தங்கள் வீட்டு வளவிலிருந்து கொண்டுவந்து குழியில் போடுவார்கள். வேம்பு, புளி, பாலை, எதுவானாலும் சொந்த வளவிலிருந்து வரவேண்டும். தன் நெருப்பைத் தானே கொண்டுவந்து தானே மிதிப்பது. பாக்கியரத்தினம் கோயில் நிருவாகத் தலைவராக வந்த முதல் வருடம் இது. ஒவ்வொருவராக விறகு சுமப்பதும் ஊரெல்லாம் புகை மண்டுவதும் அழகில்லை என்று அவருக்குத் தோன்றியது. இந்த முறை நெருப்பு முழுவதும் தன்னுடைய உபயம் என்று அறிவித்துவிட்டார்.

லக்சனாவின் தாய் இரத்தினேஸ்வரி எல்லா வருடமும் தீ மிதிப்பவள். மற்றவர்கள் குழிக்குள் இறங்கியதும் ஓடுவார்கள். இரத்தினேஸ்வரி ஓடமாட்டாள். பேருந்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பதைப் போல நடப்பாள். சிறு பிள்ளையாக லக்சனா காய்ச்சலில் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது. கால் நடக்கும்வரை மிதிப்பேன் என்று சொல்லியிருந்தாள். ஆனால் அந்தக் கால்கள் இப்போது பழைய கால்கள் இல்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் பாதங்களின் உணர்வை எடுத்துவிட்டது. போன மாதம் குசினியில் சிவப்பாக அடிச்சுவடுகள் தெரிந்தன. பின்தொடர்ந்து போன லக்சனா, குதிகாலில் ஒரு ஆணி ஏறியிருக்க, இடியப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டு நின்ற தாயைக் கண்டாள். “எங்கயடி இரத்தம்?” என்று கேட்டாள் இரத்தினேஸ்வரி.

சுடுவது தெரியாத கால். அணைவது தெரியாத கட்டி. இரண்டையும் ஒரே குழியில் நினைத்துப் பார்க்க லக்சனாவால் முடியவில்லை.

அவள் இரண்டு அடுப்புகளை மூட்டினாள். ஒன்றில் வேப்பம் விறகைத் தணலாக்கினாள். மற்றதில் தன்னுடைய கட்டிகளை அடுக்கினாள். இரண்டும் ஒரே சிவப்பாக வந்ததும், வாழைத்தண்டில் தடித்த துண்டுகளாக வெட்டி, ஒரு காலடி எடுத்து வைக்கும் நேரம் மட்டும் ஒவ்வொன்றின் மேலும் அழுத்தி எடுத்தாள். வாழைத்தண்டும் பாதத்தைப் போல நீர் நிறைந்தது. விறகுத் தணலில் வைத்த துண்டு சற்று வாடியிருந்தது, அவ்வளவுதான். கட்டியின் மேல் வைத்த துண்டு சீறியது. எடுத்துப் பார்த்தபோது அடிப்பக்கம் கறுத்து, உள்ளே நகக்கண் ஆழத்துக்கு வெந்திருந்தது.

இரண்டையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அவள் முதலாளியின் அறைக்குப் போனாள்.

பாக்கியரத்தினம் கதிரையில் சாய்ந்திருந்தார். தட்டைப் பார்த்து, “என்ன பிள்ளை, விரதக்காரருக்குப் பொரியலோ?” என்றார்.

“இது விறகுத் தணல், ஐயா. இது எங்கட கட்டி. ரெண்டுலயும் ஒரே நேரம்தான் வைச்சனான்.”

அவர் கறுத்த துண்டைத் தொட்டுப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“விறகுத் தணலுக்குள்ள பாதி வெறும் காத்து, ஐயா,” என்றாள் லக்சனா. “பார்க்கத்தான் சிவப்பு. காலுக்குக் குடுக்க அதிட்ட கனக்கச் சூடு இல்லை. கால் பட்டதும் அந்த இடம் கறுத்துப் போயிடும். எங்கட கட்டி இறுக்கினது. பாரம். கால் பட்டாலும் உள்ளுக்கிருந்து சூடு வந்துகொண்டே இருக்கும். அதோட துருவும் இருக்குது. மேல சாம்பல் படிஞ்சு ஆறின மாதிரிக் கிடக்கும், உள்ளுக்கு எரியும்.”

“இதைத்தானே ரெண்டு வருசமா நீ என்னட்டப் புளுகினனீ? இப்ப அதுவே குற்றமோ?”

“மீனுக்கு நல்லது. காலுக்குக் கூடாது.”

பாக்கியரத்தினம் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. தன் பக்கம் தெய்வம் இருக்கிறதென்று நம்பும் மனிதர் சிரிப்பது போலிருந்தது. “வாழைத்தண்டுக்குப் பக்தி இல்லை, பிள்ளை.”

“கட்டிக்கும் இல்லை, ஐயா.”

சிரிப்பு நின்றது. “கோயில் விசயத்தைக் கொட்டிலுக்குள்ள கதைக்காத. போய் வேலையைப் பார்.”

அவள் வேலையைப் பார்க்கவில்லை. தட்டோடு பேருந்தில் ஏறினாள். நடத்துனர் தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், சீட்டை நீட்டினார். பாலையூற்றைத் தாண்டி நகரத்துக்குள் வரும்வரை அவள் அந்தத் தட்டை மடியில் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள், தூங்கும் ஒரு பிராணியைக் கொண்டுபோவதைப் போல.

கோயில் முன்றலில் குழி வெட்டி முடிந்திருந்தது. மஞ்சள் நீர் தெளித்து, வேப்பிலை கட்டிய கயிற்றை நான்கு பக்கமும் இழுத்திருந்தார்கள். பூசாரி கதிரவேல் குழியின் தலைமாட்டில் சூலத்தை நட்டுவிட்டு நிமிர்ந்தார். மெலிந்த மனிதர். நாளை எல்லோருக்கும் முன்னால் குழியில் இறங்க வேண்டியவர் அவர்தான்.

லக்சனா தட்டை நீட்டி, முதலாளியிடம் சொன்னதை மறுபடியும் சொன்னாள். கதிரவேல் கறுத்த துண்டை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குழியில என்ன போடுறதெண்டது நிருவாகத்தின்ட முடிவு, பிள்ளை. என்ன போட்டாலும் நான் முதல் மிதிப்பன்.”

“நீங்கள் ஓடிப் போயிடுவியள், ஐயா. அம்மா நடப்பா.”

“அம்மாவிட்டச் சொல்லிப் பார்த்தியா?”

“இனித்தான்.”

அவள் மடப்பள்ளிப் பக்கம் போகத் திரும்பியபோது, “தள்ளி, தள்ளி!” என்று கதிரவேல் பதறினார். அவளுடைய கால் கயிற்றுக்குக் கிட்டப் போயிருந்தது. “காப்பில்லாத கால் உள்ள பட்டா குழி பழுது. கிடக்கிறதை எல்லாம் அள்ளி வெளியில கொட்டி, திரும்ப மஞ்சள் தண்ணி தெளிச்சு, முதல்ல இருந்து தொடங்கவேணும். என்ட காலத்தில அப்பிடி நடந்ததில்லை. நடக்கவும் வேண்டாம்.”

லக்சனா காலைப் பின்னால் எடுத்தாள்.

இரத்தினேஸ்வரி மடப்பள்ளி நிழலில் மற்றப் பெண்களோடு இருந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. வாழைத்தண்டின் கதையை முழுவதும் கேட்டாள். நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“முடிஞ்சுதா?”

“அம்மா, இந்த ஒரு வருசம் விடுங்கோ. உங்கட காலுக்குச் சூடு தெரியாது. தோல் எரிஞ்சாலும் தெரியாமல் நடந்துகொண்டே இருப்பியள். சீனிக்காரருக்குப் புண் வந்தா ஆறாது. காலை எடுக்கவேண்டி வரும்.”

“என்னை ஏலாதவள் எண்டு இத்தனை பேருக்கு முன்னால சொல்லுறியோ?”

“கட்டி கூடாது எண்டுதான் சொல்லுறன்.”

“கட்டியை ஆரடி செய்தது?”

பெண்கள் சிரித்தார்கள். இரத்தினேஸ்வரி சிரிக்கவில்லை. “நீ சாகக் கிடக்கேக்க உன்ட கட்டியும் இல்லை, உன்ட துருவும் இல்லை. அம்மாளாச்சியிட்ட வாக்குக் குடுத்தது நான். வாழைத்தண்டைக் காட்டி அவவை ஏமாத்தச் சொல்லுறியா? போடி. நான் மிதிப்பன்.”

“நடக்காமல் ஓடுவியளா?”

“எனக்கு ஓடத் தெரியாது.”

லக்சனா தட்டிலிருந்த துண்டுகளைக் கோயில் மாட்டுக்குப் போட்டாள். அது வாடிய துண்டைத் தின்றது. கறுத்த துண்டை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தாள். துறைமுகத்து வாயிலில் ஒரு கப்பல் உள்ளே வருவதற்குக் காத்து நின்றது. அது எந்த ஊருக்கும் சொந்தமில்லாதது போலவும், யாராவது ஒருவர் கைகாட்டினால் அப்படியே திரும்பிப் போய்விடும் போலவும் இருந்தது. லக்சனா தன் செருப்பைப் பார்த்தாள். நீல நிற இறப்பர்ச் செருப்பு. கரித்தூள் படிந்து அதன் நீலம் மங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முன்றல் நிறைந்திருந்தது. ‘அக்கினி உபயம்: பாக்கியரத்தினம்’ என்ற பதாகை காற்றில் வயிறு புடைத்து ஆடியது. குழிக்குள் கட்டிகள் நெருக்கமாக, அழகாக, சீமெந்துத் தரை போல அடுக்கப்பட்டிருந்தன. காப்புக் கட்டியவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். பறை அடித்தது. பாக்கியரத்தினம் பட்டு வேட்டியோடு தீவட்டியை வாங்கக் கையை நீட்டினார்.

லக்சனா கயிற்றைத் தூக்கி, குனிந்து, உள்ளே போனாள். செருப்போடு கட்டிகளின் மேல் ஏறி, குழியின் நடுவில் போய் நின்றாள்.

பறை நின்றது. காலடியில் ஒரு கட்டி உருண்டபோது அவள் சற்றுத் தடுமாறினாள், நிமிர்ந்துகொண்டாள்.

“விசரா இவளுக்கு? இறங்கடி!” யாரோ கத்தினார்கள்.

“இறக்குங்கோடா அவளை!” என்றார் பாக்கியரத்தினம். நான்கைந்து இளைஞர்கள் முன்னால் வந்தார்கள். கயிற்றருகில் வந்ததும் நின்றார்கள். அவர்களுக்கும் காப்பில்லை. காப்புக் கட்டியவர்களோ தீட்டான ஒருத்தியைத் தொட முடியாமல் நின்றார்கள்.

“கொளுத்துங்கோ, ஐயா,” என்றாள் லக்சனா. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “நான் செய்த கட்டிதானே, நான் நிக்கிறன். இல்லாட்டி நீங்கள் வந்து நில்லுங்கோ. ஒரு கட்டியைப் பத்த வைச்சு அதில உங்கட காலை வையுங்கோ. வைச்சா நான் இறங்கிறன், மொட்டையும் அடிக்கிறன்.”

“அம்மனுக்கு முன்னால செருப்போட நிண்டு சவால் விடுறியோ?”

“அம்மனோட எனக்குக் கோபமில்லை. உங்களோடதான்.”

கூட்டத்தின் பின்னால், வீதியில் நின்ற ரிஸ்னாவின் குரல் கேட்டது. “செருப்பைக் கழட்டிராத புள்ள!”

பாக்கியரத்தினம் சிவந்துபோனார். “நாளையில இருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்.”

“வரமாட்டன். பொதியில இருக்கிற என்ட படத்தையும் எடுத்துப்போடுங்கோ.”

அப்போது இரத்தினேஸ்வரி வந்தாள். கூட்டம் விலகியது. ஈரச் சேலை, விரித்த கூந்தல், கையில் வேப்பிலை. கயிற்றின் மறுபக்கம் நின்று மகளைப் பார்த்தாள். கையில் இருந்த வேப்பிலையை ஓங்கி எறிந்தாள். அது லக்சனாவின் தோளில் பட்டு விழுந்தது; ஓர் இலை மட்டும் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

“என்ட நேர்த்தியைக் கெடுத்துப்போட்டியேடி!”

“நேர்த்தி கெடேல்ல. குழிதான் கெட்டது. பூசாரி ஐயாவைக் கேளுங்கோ.”

எல்லோரும் கதிரவேலைப் பார்த்தார்கள். அவர் குழியைப் பார்த்தார். கெடவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். மஞ்சள் நீரைத் தெளித்து, மந்திரம் சொல்லி, அதைச் சரியாக்கியிருக்கலாம். பாக்கியரத்தினம் அதைத்தான் அவரிடம் மெல்லச் சொன்னார்: “தண்ணியைத் தெளிச்சுப்போட்டு நடத்துங்கோ, பூசாரியார். நேரம் போகுது.”

கதிரவேல் சூலத்தைப் பிடுங்கினார். நட்ட சூலத்தைப் பிடுங்கினால் அதன் அர்த்தம் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“குழி பழுது,” என்றார். “அள்ளுங்கோ.”

பிறகு, குரலைத் தாழ்த்தாமலே, “புது நெருப்பு முதல்ல இருந்து தொடங்கவேணும். வழமைப்படி. ஆளுக்கொரு கட்டை, அவரவர் வளவில இருந்து,” என்றார்.

லக்சனா கட்டிகளை விட்டு இறங்கி, கயிற்றுக்கு வெளியே வந்தாள். முதலில் திரும்பியவள் இரத்தினேஸ்வரி. மகளை ஒரு முறைகூடப் பார்க்காமல் முன்றலைத் தாண்டி வீதியில் இறங்கி நடந்தாள். எப்போதும் நடக்கும் அதே நடை. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள். திரும்பி வரும்போது அவள் தோளில் வேப்பங் கட்டை ஒன்று இருந்தது. இடியப்பம் அவிக்கவென்று வீட்டுக் கொட்டிலில் அடுக்கி வைத்திருந்த விறகிலேயே தடித்தது அது. ஒருவர் மா விறகு கொண்டுவந்தார். ஒருவர் புயலில் சாய்ந்த புளியின் அடியை மகனோடு சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்தார்.

கட்டிகளைக் கடற்கரை மணலில் குவித்திருந்தார்கள். பாக்கியரத்தினம் விடவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு, ஒரு சிறு குவியலைப் பற்ற வைக்கச் சொன்னார். அவள் சொன்னது பொய் என்று எல்லோரும் காணட்டும் என்றார். கட்டி பற்றியது, சிவந்தது, மேலே மெல்லிய சாம்பல் பூத்தது. ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் கால் வைக்கவில்லை. பாக்கியரத்தினம் வேட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி அதிக நேரம் நின்றார். பிறகு யாரோ தன்னைக் கூப்பிட்டது போலக் கோயிலுக்குள் போய்விட்டார்.

பொழுது சாயும்போது குழி தணலாகியிருந்தது. புகை ஊர் முழுவதும் படர்ந்து கிடந்தது. லக்சனாவைக் கோயில் எல்லைக்குள் விடவில்லை. அவள் வீதியின் மறுகரையில் ரிஸ்னாவோடு ஒரு கவிழ்த்த வள்ளத்தின் மேல் ஏறி நின்றாள்.

கதிரவேல் ஓடினார். அவருக்குப் பின்னால் ஒருவர், இன்னொருவர். பிறகு சிறிது இடைவெளி. இரத்தினேஸ்வரி குழிக்குள் இறங்கினாள். தலையில் கும்பம். அவள் நடந்தாள். லக்சனாவுக்கு அந்தக் குழி வேறொரு நாட்டின் எல்லை வரை நீண்டது போலத் தோன்றியது. ரிஸ்னா அவள் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

“உங்கட உம்மாவுக்கு ஒரு அவசரமும் இல்லையா, புள்ள?”

“இல்லை,” என்றாள் லக்சனா. அழுகிறோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியதும் இரத்தினேஸ்வரி வீதியைக் கடந்து வந்தாள். வள்ளத்தின் விளிம்பில் இருந்துகொண்டு, இரண்டு கால்களையும் மகளின் பக்கம் நீட்டினாள். லக்சனா மணலில் முழந்தாளிட்டு, கைபேசி வெளிச்சத்தில், சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்துச் சாம்பலைத் துடைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். ஆணி ஏறிய தழும்பு இருந்தது. இடது பாதத்தின் ஓரத்தில் ஒரு சிறு கொப்புளம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“என்ன இருக்குது?” என்றாள் இரத்தினேஸ்வரி.

“ஒரு கொப்புளம்.”

“எனக்குத் தெரியேல்ல.”

“அதுதான் நான் பார்க்கிறன். நாளைக்குக் காலமை கிளினிக்குக்குப் போவம்.”

“அடுத்த வருசமும் மிதிப்பன். கேட்டுதா?”

“மிதியுங்கோ.”

“உன்ட முதலாளி திரும்பவும் கட்டி கொண்டுவந்தா?”

லக்சனா செருப்பைத் தட்டி மணலை உதறிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

“திரும்பவும் குழியில இறங்குவன்.”

இரத்தினேஸ்வரி எழுந்தாள். மகளின் தோளில் ஒட்டியிருந்த வேப்பிலையை எடுத்து, அதை எறியாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தாள். லக்சனாவும் ரிஸ்னாவும் பின்னால் போனார்கள். அவளைவிட மெதுவாக நடப்பது கஷ்டமாக இருந்தது.

கடற்கரை மணலில் கட்டிக் குவியல் சாம்பலை மூடிக்கொண்டு, உள்ளுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கிட்டப் போன ஒரு நாய் மூக்கைச் சுளித்துக்கொண்டு தூரமாகச் சுற்றிப் போனது.